ஒரு தட்டுக் குறைந்த மெட்டு

என் ரூத் அக்காவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதும் வாசிக்கத் தெரியாத தமிழில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். இங்கிலிஷில் எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிவிடுவேன். இது நல்லவள் எழுதுகிற கடிதம் இல்லை.

நேரே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை மாலை உங்கள் யூத ஜெபஆலயத்தில் நாம் இரண்டு பேரும் செய்த மெட்டை முதன்முதலாகப் பாடினார்கள். பியானோ வாசிக்கவேண்டிய நான் அங்கே இல்லை. போகவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆலயம் இருக்கிற கோல்ஃபீல்ட் வரைக்கும் போனேன், காரை நிறுத்தினேன், வாசலைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாசல் நீங்கள் விட்டுப்போன மாதிரி இல்லை, அக்கா. உங்கள் நாளில் ஒரேயொரு காவல்காரர் நிற்பார், நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். ஜெபஆலயங்களை அடிக்கிறார்கள் என்று இப்போது நாலு பேர், இரண்டு பொலிஸ் கார். ஒரு தாய் தள்ளுவண்டியில் இருந்த குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, காவல்காரர் குனிந்து குழந்தையின் போர்வையை உதறிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். அதோடு நான் காரைத் திருப்பிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் தேவாலயம் பாதுகாப்பு என்று நம்பி ஓடி ஒதுங்கின சனம் நாங்கள். பதினாறு வயதில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்து, ஷெல் கூரையில் விழுமா, தள்ளி விழுமா என்று காது கொடுத்தவள் நான். கும்பிடுகிற இடத்தையும் அடிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மெல்பேர்னில் அந்தப் பயம் செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, சும்மா படுத்துக் கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் மனுசன் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார். பிறகு, “நல்ல வேலை செய்தீர்,” என்றார். “ஒருக்கா தப்பி வந்த ஆக்கள் நாங்கள். ஏன் திரும்பப் போய் அப்படியொரு வாசல்ல நிக்கவேணும்?” கேட்க ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த மெட்டு எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா என்ன? பல் வைத்தியரின் முன்மேசையில் பதினொரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நான் எங்கள் தமிழ்த் தேவாலயச் சபைக்குப் பியானோ வாசிக்கிறவள், நீங்கள் உங்கள் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டீர்கள். நீங்கள் இங்கிலிஷில் கேட்டது என் காதில் என் பாசையில்தான் கிடக்கிறது: “கிரேஸ், பழைய மெட்டைத் தொடங்கினாலே சனம் அழுதுபோடுது. பாதியில நிக்குது. புதுசா ஒண்டு செய்து தாரும்.” அந்த மெட்டில் பாடுகிறது, நிம்மதியாகப் படுத்து உயிரோடு எழும்ப வேண்டும் என்று கடவுளைக் கேட்கிற மன்றாட்டு. சொல்லைத் தொடக்கூடாது, மெட்டு மட்டும்தான் புதுசு.

நான் என் கெட்டித்தனத்தை எல்லாம் கொட்டி நீட்டி முழக்கி ஒன்று கொண்டுவந்தேன். பாடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினீர்கள். “வடிவாய் இருக்கு. ஆனா பயந்த ஆக்களிட்டை இவ்வளவு மூச்சு இல்லை.” பிறகு வெட்டோ வெட்டென்று வெட்டினோம். பல்லுப் பிடுங்க வந்தவர்கள் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு வைத்தோம். பாவம் அந்த மனுசர்கள். எவ்வளவு சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

நீங்கள் பாடிக்காட்ட நான் எபிரேயச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். கடவுளின் பெயர் வரும் இடத்தில் ‘ஹஷேம்’ என்று பாடினீர்கள். அப்படியே எழுதினேன், தாளத்தில் அசைக்கு ஒன்றாக இரண்டு தட்டு வைத்தேன். நாங்கள் ஒத்திகையிலும் ஆண்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள். நீங்கள் வழிபாட்டில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வீர்கள், பழகும்போது அதை வீணாக எடுக்காமல் ‘ஹஷேம்’ போட்டு நிரப்புவீர்கள் என்று நான் என்னத்தைக் கண்டேன்?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் மிரியம் போன் எடுத்தாள். நல்ல ஏச்சுக் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவள், “அன்ரி, ஏதும் வருத்தமோ, காய்ச்சலோ?” என்று கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை. வாசல் வரைக்கும் வந்தனான். பயந்து திரும்பிட்டன்.”

“நானும் பயந்து பயந்துதான் பாடினனான்,” என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். உங்கள் போனில் இருந்த பதிவைக் கேட்டுத்தான் எல்லாரும் பழகியிருக்கிறார்கள், அதிலும் ‘ஹஷேம்’தான். வழிபாட்டில் உரிய பெயரைப் பாடினால் அதற்கு மூன்று தட்டு வேண்டும். மூன்றாவதுக்கு இடமில்லை. சிலர் முந்திவிட்டார்கள், சிலர் பிந்திவிட்டார்கள், கடைசியில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்த, அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பழைய மெட்டிலேயே அழுது முடித்தார்களாம்.

நான் பியானோவில் இருந்திருந்தால் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருப்பேன். ஒரு விரல் வேலை, அக்கா. அவர்கள் அதில் ஏறிப் போயிருப்பார்கள். நீங்கள் இதைக் கவனிக்கவில்லையா? அல்லது கடைசியில் சரிபண்ணலாம் என்று விட்டுவைத்திருக்க, வருத்தம் முந்திக்கொண்டதா?

இந்தக் கிழமை முழுக்க அந்த ஒரு இடத்தோடுதான் மல்லுக்கட்டினேன். பெயருக்கு முன்னால் இருந்த மூச்சை எடுத்துப் பின்னால் வைத்தேன். இப்போது மூன்று தட்டுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பயந்த நெஞ்சுக்கு அதுவரைக்கும் மூச்சுத் தாங்குமா? நானும் மிரியமும் போனில் லா லா லா என்று பாடிப் பார்த்தோம். வீட்டுக் கதிரையில் இருந்து பாடினால் எல்லாம்தான் பொருந்தும்.

“அன்ரி, ஒருக்காப் பெயரைப் போட்டே பாடிப் பார்ப்பமோ? அம்மா கோபிக்க மாட்டா,” என்றாள். எனக்கும் ஆசைதான். சரியென்று தெரிந்துவிட்டால் நோட்ஸை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். “வேண்டாம் பிள்ளை. கொம்மா ஒருநாளும் செய்யாததை நாங்கள் செய்யவேண்டாம்,” என்றேன்.

இன்று வியாழன். நாளை மாலை திரும்பவும் பாடுகிறார்கள். காலையிலிருந்து சாவிக்கொத்தில் கார்த் திறப்பைக் காணவில்லை. மனுசனைக் கேட்டால் தனக்குத் தெரியாதாம். பரவாயில்லை, கோல்ஃபீல்டுக்கு ரெயின் ஓடுகிறது.

அக்கா, இந்த மெட்டு அந்தப் பெயரைத் தாங்குமா என்று பார்க்க உலகத்தில் ஒரே இடம்தான் இருக்கிறது. அந்தக் கதவுக்கு உள்ளே, அவர்கள் எல்லாரும் பாடும்போது, நான் பியானோவில் இருக்கவேண்டும். எழுதும்போதே கை குளிர்கிறது. நாளைக்கும் குளிரும். அந்தக் கையாலேயே பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் தங்கச்சி,
கிரேஸ்