பிள்ளையார் பந்தலில் டிரம்பெட்

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலிருந்தே காற்று. எங்கள் தெருவிலேயே நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப், அதன் வாசலை இரண்டு தடவை கூட்டியும் மேஜை மேல் புழுதி. அரியலூர் பக்கம் போகிற சிமெண்ட் லாரிகள் வேறு.

வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்க வேண்டிய கூட்டம். ஒரு பெரியவர்: "ஒரு டீ மட்டும்தாங்க குடிச்சேன். சக்கர கம்மியாத்தான் போடச் சொன்னேன்." நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன். முறைத்துக்கொண்டே போனார்.

சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன். எனக்குப் பிடித்த அமெரிக்கக் கிழவர் ஒருவரின் பழைய ப்ளூஸ் ரெகார்டைப் புதிதாகச் 'சுத்தம்' செய்து விட்டிருக்கிறார்கள். கேட்டதும் வயிறு எரிந்தது. பழைய பதிவில் ஒரு இரைச்சல் இருக்கும். அதை எடுக்கிறேன் என்று, அவர் காலால் தரையைத் தட்டுவதையும் பாதி எடுத்துவிட்டான். மொத்தமே ஒரு கிடார், ஒரு குரல், ஒரு கால். அதில் கை வைப்பானா? நாசமாப் போறவன்.

செ.-க்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஒரு டிக்கோடு நிற்கிறது.

(செ. என்றால் செந்தில். அம்மா கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று ஆரம்பித்த சுருக்கம். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தாலும்.)

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில். தலைவலி. அவனிடமிருந்து போன் இல்லை.

போன வாரம் பாலக்கரை டீக்கடைப் பின்னால் வைத்து அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு நானாக மாற்றிக்கொள்ளாமல் இருக்க.

நான்: "ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடலாம். வருவியா மாட்டியா, ஒண்ணு சொல்லு."

அவன்: "வூட்ல அக்கா பொண்ண கட்டிக்கச் சொல்லி உசுர வாங்குறாங்க. நீங்க வேற ஆளுங்கன்னு அம்மா பேச்சே எடுக்க வுடல. கொஞ்சம் பொறு. சதுர்த்திக்கு மொத நாள் உங்க தெருவுக்குத்தான் செட்டு வருது. அப்ப நேர்ல வந்து சொல்றேன்."

முடியாது என்று சொல்லவில்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

செட்டு என்றால் மைக் செட்டு. குன்னத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சி மீட்டிங், எல்லாம். பழகியதே சண்டையில்தான். சித்தப்பா மகள் கல்யாணத்தில், "உங்க பாக்ஸ்ல பேஸ் கொழகொழன்னு கேக்குது" என்று போய்ச் சொன்னேன். "பாட்டு படிச்சிருக்கீங்களா?" என்றான். இல்லை, ரத்தம் எடுக்கப் படித்திருக்கிறேன் என்றேன். மறுநாள் ஒரு பென்டிரைவில் எனக்குப் பிடித்த ஒரு ஜாஸ் ரெகார்டைப் போட்டுக் கொடுத்தேன். முதலில் பேஸ், அந்தக் கனத்த அடிக்குரல், தனியாக வரும். பெரிய பாக்ஸ் சரியா என்று தெரிந்துவிடும். பிறகு டிரம்ஸ் தட்டில் கம்பி பிரஷ் உரசும், அது சின்ன ஸ்பீக்கருக்கு. கடைசியில் டிரம்பெட் ஊதல், அது குழாய் ஹாரனுக்கு. அன்றிலிருந்து அதுதான் அவனுடைய செக்கிங் பாட்டு. குன்னம், எறையூர் ஜனம் முழுக்க ஜாஸ் கேட்டிருக்கிறது, ஜாஸ் என்று தெரியாமலே.

டவுனில் எந்த மண்டபத்தில் அது கேட்டாலும் அவன் வந்திருக்கிறான் என்று அர்த்தம். நான் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துணி துவைத்தது. வெங்காயம் உரித்தது. அம்மா டிவி.

வாங்க வேண்டியது: அரிசி மாவு, வெல்லம், எருக்கம்பூ மாலை, ஷாம்பு.

திரும்பக் கேட்டது:

– இங்கிலீஷ்காரர்கள் சிலரின் இரட்டைத் தட்டு ராக் ஆல்பம். மூன்றாவது பக்கத்தை எடுத்துவிட்டால் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. டிரம்ஸ் அடிப்பவன் மட்டும் தங்கம்.

– அதே ஆட்களின் மேடைக் கச்சேரி. கிடார்க்காரனுக்கு முடிக்கத் தெரியவில்லை. போயிட்டு வரேன் என்று வாசல் வரை போய், மறுபடி வந்து உட்காருகிற சித்தப்பா மாதிரி.

– அமெரிக்கக்காரி ஒருத்தியின் ப்ளூஸ். பியானோ சுருதி விலகியிருக்கிறது. யாரும் கவலைப்படவில்லை. நானும்தான்.

ஒன்று கவனித்தேன். ராக்கில் காதலி போய்விட்டால் ஊரைக் கூட்டுகிறார்கள். ப்ளூஸில் ஆள் காலையில் எழுந்திருக்கிறான், வீட்டில் அவள் இல்லை, அவ்வளவுதான். தகவல் சொல்கிற குரல். அதுதான் கேட்க முடியவில்லை. பாதியில் நிறுத்தினேன்.

சாயங்காலம் நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டேன், செவ்வாய்க்கு. அம்மா: "யாருக்குடி கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல."

ஆகஸ்ட் 25, திங்கள்

மேகம் கூடி, பேருக்குத் தூறி, போய்விட்டது.

இன்னும் ஒரு டிக். நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறானா? சீ, இருக்காது. சார்ஜ் இருக்காது. செட்டு வேலை தலைக்கு மேல் இருக்கும். சதுர்த்தி சமயம்.

அந்த ஜாஸ் ரெகார்டை நினைத்துக்கொண்டே ஊசி குத்தினேன், ஒரு அம்மா கத்திவிட்டாள். அதில் டிரம்பெட் கொஞ்சம் முன்னாலேயே நுழைந்துவிடும். பேஸ்காரன் சட்டென்று விலகி வழி விடுவான். அது தப்பு, அவசரம் என்பது என் கட்சி. செ. ஒத்துக்கொள்ளவே மாட்டான். "தப்பு இல்ல புள்ள. ஆச. பொறுக்க முடியல அவனுக்கு."

நாளைக்கு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

காலையில் அவனுடைய சிவப்பு லோடு ஆட்டோ தெருமுனையில் நின்றது. பந்தலுக்குக் கம்பு நட்டார்கள். லேப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆளைத் தெரியவில்லை, பாக்ஸ்கள்தான் மறைத்தன. வேலை ஓடவில்லை. ஒரு சாம்பிளில் பெயர் மாற்றி ஒட்டி, பிறகு திருத்தினேன்.

மத்தியானத்துக்கு மேல் பேஸ் ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிரஷ். ஒரு கிளவுஸைத்தான் கழற்றினேன். டிரம்பெட் நுழைவதற்குள் படியிறங்கிவிட்டேன். வெள்ளைக் கோட்டோடு, ஒரு கையில் கிளவுஸோடு, நடுத்தெருவில் ஓட்டம். வந்துவிட்டான். சொன்னபடி வந்துவிட்டான். முடியாது என்றால் வருவானா, இந்தப் பாட்டைப் போடுவானா?

சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் அவன் கூட வேலை செய்கிற மாணிக்கம் அண்ணன். வண்டி ஓட்டுகிறவர். என்னை அவருக்குத் தெரியாது. அவன் தெரியவிடவில்லை.

மூச்சு வாங்க நின்றேன். "செந்தில் வரலீங்களா?"

"தம்பிக்கு ஞாயித்துக்கெழம கல்யாணம் ஆயிடுச்சுங்க. கொலசாமி கோயில்ல வச்சு, சுருக்கமா. அவங்க அக்கா பொண்ணுதான். மறுவூடு போயிருக்கான். செட்ட என்னப் பாத்துக்கச் சொல்லிட்டான்." 

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் போட்டது. பென்டிரைவில் முதலில் இருப்பது அது, அதனால் போட்டார். அவ்வளவுதான்.

நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, என் கோட்டைப் பார்த்து, அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஆஸ்பத்திரிங்களா மேடம்? சவுண்டு ரொம்ப வச்சிட்டேனா? பேஷன்ட்டுக்குத் தொந்தரவா இருக்கா?"

ஒரு மனுஷி எதற்காக அப்படி ஓடி வருவாள் என்று அவர் வேறென்ன நினைப்பார்.

"ஆமாங்க," என்றேன். "கொறைச்சிடுங்க."

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம்." குறைத்தார். பேஸ் போனது. பிரஷ் போனது. டிரம்பெட் மட்டும் சன்னமாக, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டு, போதுமா என்று தலையாட்டிக் கேட்டார். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வந்து மிச்சம் இருந்தவர்களுக்கு ரத்தம் எடுத்தேன். யாருக்கும் வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாள். சொல்லியிருக்கலாம் செந்தில். ஒரு வரி. முடியாது என்று ஒரு வரி. தாங்கியிருப்பேன். இல்லை, தாங்கியிருக்க மாட்டேன். ஆனால் தெருவில் ஓடியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன். சதுர்த்தி

லீவு. காற்று நின்று புழுக்கம்.

எதையும் கேட்க முடியவில்லை. ஜாஸ் போட்டேன், நிறுத்தினேன். கிழவரைப் போட்டேன். அந்தச் சுத்தம் செய்த பதிவுகூட இன்று தாங்க முடியவில்லை. ராக்கைப் போட்டு அந்தப் பாடகன் கத்தக் கத்த உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் கிண்டல் செய்தேன். கத்தட்டும், பாவம்.

கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து கொடுத்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது, அம்மா திட்டினாள்.

பூஜை முடிந்து அம்மா பந்தலுக்குப் போய் வந்தாள். முகம் கடுகடு.

"நல்ல நாளும் அதுவுமா சாமி பாட்டு ஒண்ணும் காதுல வுழல. நேத்து எவளோ ஆஸ்பத்திரிக்காரி வந்து கொறைக்கச் சொல்லிட்டாளாம். தெருவே அவள ஏசுது. எந்தப் புண்ணியவதியோ."

"நான்தாம்மா."

"என்னது?"

"நான்தான் போயி சொன்னேன்."

"நீயா? சவுண்டு பத்தலன்னு சண்டைக்குப் போறவ நீ. உனக்கு என்னடி வந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி, நிறுத்தவே முடியவில்லை. அம்மா தட்டை அடுப்படியில் வைத்தாள். போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

பிறகு மெதுவாக: "யாருடி அவன்?"