மூச்சு விட நேரமில்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நன்றாகவே இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி தேவலை, வாய்தான் குறையவே இல்லை, அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் அக்காவின் ஆடிட்டர் ஆபீஸ் ஆட்டம் கண்டது உனக்குத் தெரியும். முக்கால்வாசி வேலை கொடுத்துவந்த அந்தத் துணிக் கம்பெனி வேறு ஊருக்கு மாறிப் போனதிலிருந்து அவளும் அவள் தோழியும் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில், அந்த இரண்டு அறைகளில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ செய்து அனுப்பிய வெப்சைட் லட்சணமாக இருக்கிறது, அதில் அவள் சிரிப்பதுகூட அழகுதான், ஆனால் அதைப் பார்த்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் ஒரு பெரிய நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது, இவளும் ஆபீஸை மூடிவிட்டுப் போய்விடுகிறேன் என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு ஆசையாய் ஆரம்பித்தது!

நல்ல வேளையாக அவளுக்குப் பல்வலி வந்தது. ஆபீஸுக்கு அடுத்த கட்டடத்துப் பல் டாக்டரிடம் போனாள். அவர் இவள் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, புதுசா இன்னொரு கிளினிக் திறந்திருக்கேன், கணக்கெல்லாம் உங்ககிட்டயே கொடுக்கணும்னுதான் நெனச்சேன், பார்க்குல உங்கப்பாகிட்ட விசாரிச்சா, பொண்ணுக்கு மூச்சு விடக்கூட நேரமில்லன்னாரு, சரி எதுக்குத் தொந்தரவுன்னு வேற எடத்துல கொடுத்துட்டேன், அங்க போன் பண்ணினா யாருமே எடுக்கறதில்ல என்று சாவகாசமாகச் சொல்கிறார். இவள் பேச வழியில்லாமல் கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ சொல்லியிருக்கிறாள், அவர் வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டார். வீங்கின கன்னத்தோடு வந்து, மரத்த நாக்கு சரியாகும்வரை அப்பாவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. உன் அப்பா பெண்ணின் கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஆபீஸ் எப்படிப் போகுது என்று கேட்டவர்களிடமெல்லாம் இதையே அளந்துவிட்டிருக்கிறார். அவளும் தோழியும்கூட அதே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள், வேலை இல்லை என்று தெரிந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பயம். நல்ல மனுஷர்கள் எல்லாரும் பாவம், நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

மறுநாளே அக்கா டாக்டரிடம் ஓடினாள். பிறகு இரண்டு பேரும் பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சௌக்கியம் விசாரித்து, புதுசா கிளினிக், கடைன்னு ஆரம்பிக்கிறவங்க இருந்தா எங்ககிட்ட அனுப்புங்க, நாங்களே உக்காந்து பார்த்துக் கொடுப்போம் என்று சொன்னார்கள். டாக்டரின் கணக்கு வந்துவிட்டது, அவர் சொல்லி ஒரு கண் டாக்டரம்மாவும் வந்திருக்கிறார். பழைய நிலைமை இன்னும் வரவில்லை, ஆனாலும் அக்கா அந்தப் பெரிய நிறுவனத்துக்கு வேலை வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டாள். உன் வெப்சைட்டில் புதியவர்கள் வரலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், செய்துவிடு. அப்பாதான் பாடாய்ப் பட்டார். யாரிடமும் எதையும் கேட்டே பழக்கமில்லாத மனிதர், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டு பார்க்குக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், நம்ம பொண்ணுக்காக எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

நீ நினைத்ததெல்லாம் கைகூடும், ஒரு குறையும் வராது, எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. நீயும் போனை எடுத்ததும் தலைக்கு மேல வேலைம்மா என்கிறாய், நாங்களும் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று வைத்துவிடுகிறோம். நிஜமாகவே வேலை இருந்தால் சரி. இல்லாத நாளில் இல்லை என்று சொல்லப்பா, உன்னோடு பேச வேண்டும் போல் இருக்கிறது.

இப்படிக்கு,
எந்நேரமும் நேரமுள்ள உன் அம்மா