எந்த மாதத்துப் படம்?

தில்லை நகரில் முழங்கால் டாக்டருக்காகக் காத்திருந்தேன். தரை துடைக்கிற பெண் வாளியில் எதையோ ஊற்ற, அமோனியா சுருக்கென்று மூக்கில் ஏறியது. பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். நம் அலுவலகத்தில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் மெஷின் இருந்த அறையின் வாசனை அது. கண்ணில் நீர் வந்ததற்கும் அமோனியாதான் காரணம் என்று வைத்துக்கொள். நீ நம்ப மாட்டாய், தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வரைபடப் பிரிவில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன், நீ உறையூரிலிருந்து. நான் வரைவேன், நீ சரிபார்ப்பாய். ஹைதராபாத்திலிருந்து செயற்கைக்கோள் படங்கள் சுருளாக வந்த அன்று, பிரித்துப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வயலெல்லாம் ரத்தச் சிவப்பு, தண்ணீர் கறுப்பு. அச்சடித்தவன் குடித்திருப்பான் என்றேன். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பச்சை இலைதான் பளிச்சென்று தெரியும், அதைத்தான் சிவப்பாகக் காட்டுகிறார்கள் என்று நீ பொறுமையாகச் சொன்னாய். பிறகு பென்சில் முனையால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருந்த தீவைத் தொட்டு, "இந்தா, உங்க பெருமாள் வீடு" என்றாய். அத்தனை உயரத்திலிருந்து என் ஊரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வந்தவை இரண்டு படங்கள். ஒன்று ஜனவரியில் எடுத்தது, இன்னொன்று மே மாதத்தில் எடுத்தது. ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே வீடு கட்டலாம் என்று காட்டும் வரைபடத்தை அவற்றைப் பார்த்து நாம் வரைய வேண்டும். மேலதிகாரி என்னிடம் மே படத்தை மட்டும் கொடுத்தார். மேகம் இல்லாமல் தெளிவாக இருக்கிறது, இதுவே போதும் என்றார். நானும் வரைந்தேன். உறையூருக்கு மேற்கே வெளிறிக் கிடந்த ஓரிடத்தில், என் அழகான கையெழுத்தில் 'தரிசு' என்று எழுதினேன்.

நீ ஜனவரிப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாய். அதே இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்பு. ஏரி.

மறுநாள் மத்தியானமே என்னை அங்கே இழுத்துப் போனாய். வெடித்த களிமண், காலுக்கடியில் நத்தை ஓடுகள் நொறுங்கின. மதகுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை என் தோள் உயரத்துக்கு இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள், "ஐப்பசியில வாங்க, நிக்க எடம் இருக்காது" என்றாள். ஆட்டுக்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சில வருஷம் முன்னால் வந்த பெரிய வெள்ளத்தில் உன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை நீ அன்றுதான் சொன்னாய். இந்த ஏரியைத் தூர்த்துவிட்டால் இதில் நிற்கிற தண்ணீரும் உறையூருக்குள்தான் வரும் என்றாய்.

மேலதிகாரியின் மேசை முன் நீ நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படம் பொய் சொல்லுமா என்று அவர் கேட்டார்.

"படம் பொய் சொல்லல சார். நாமதான் ஒரு மாசத்தப் பேசவிட்டு, மத்த மாசத்து வாயப் பொத்துறோம். மே மாசத்துல காவிரியும் மணலாத்தான் சார் கெடக்கு. அதையும் பிளாட் போட்டுறலாமா?"

அவர் பேனாவை உன் பக்கம் நீட்டினார். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நீ கையெழுத்துப் போட மறுத்தாய். அதோடு விட்டாயா? மையெடுத்து, என் வரைபடத்தின் மேலேயே ஜனவரிக் கரையைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டாய்.

கோட்டைச் சுரண்டி எடுக்கும்படி அவர் என்னிடம் பிளேடைக் கொடுத்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. சுரண்டினேன். நீ எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாத்து, கைய அறுத்துக்காத" என்று மட்டும் சொன்னாய். அந்த வெட்கம் இன்றும் ஆறவில்லை. அடுத்த வாரம் உன்னைப் புதுக்கோட்டைக்கு மாற்றினார்கள்.

ஆனால் அமோனியா நம் பக்கம் இருந்தது. அமோனியா ஆவியில் பிரதி எடுத்தபோது, பிளேடு கீறிய தடம் சாம்பல் நிறக் கோடாக விழுந்தது. இன்னொன்று எடுத்தேன், அதிலும் விழுந்தது. எத்தனை பிரதி எடுத்தாலும் ஏரி போக மாட்டேன் என்றது, உன்னைப் போலவே.

வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில் அதைச் சுவரில் மாட்டியது நான்தான். தலைமை வகித்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இது என்ன கோடு என்று கேட்டார். அச்சுக் கோளாறு என்றார் நம் மேலதிகாரி. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏரிக்கரை சார். நான்தான் சொரண்டுனேன்."

ஜனவரிப் படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை மேசையில் விரித்தேன். சரிபார்த்தவர் கையெழுத்து எங்கே என்று அவர் கேட்டார். சரிபார்க்கிறவர் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதனால்தான் அவருக்கு மாற்றல் என்றேன். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி வரைந்து கொண்டுவரச் சொன்னார். ஏரி ஏரியாகவே வரைபடத்தில் ஏறியது. என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது, போகட்டும். எல்லாவற்றையும் எழுதி உனக்குக் கடிதம் போட்டேன். ஒரே வரியில் கார்டு போட்டாய்: "பிளேடு மழுங்கிடுச்சா?"

நீ கண்ணை மூடி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. ஏரியின் கிழக்கு ஓரத்தை வீடுகள் தின்றுவிட்டன. மிச்சம் இருக்கிறது, இன்னும் தண்ணீர் நிற்கிறது. போன மாதம் மனை விற்க வந்த ஒருவர் போனில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, காய்ந்த பூமிம்மா, பயமே இல்லை என்றார். எந்த மாதத்துப் படம் என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நம்மிடம் இருந்தவை இரண்டே படங்கள். இன்று மாதாமாதம், வருஷா வருஷம் வானத்திலிருந்து எடுத்தது எல்லாம் கிடைக்கிறது. பார்க்கவில்லை என்று சொல்ல இனி எவருக்கும் வாயில்லை.

மிச்ச ஏரியையும் மனையாக்க மனு போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. டாக்டர் மாடி ஏறாதே என்றார். அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, ஏறத்தான் போகிறேன். சாம்பல் கோடு விழுந்த பழைய பிரதியைச் சுருட்டி வைத்துவிட்டேன். 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, அந்த வெட்கத்தை நான் மறைக்கப் போவதில்லை. அதன் பக்கத்தில் நீ காலியாக விட்ட கட்டம் காலியாகவே இருக்கிறது. அதைத்தான் முதலில் காட்டுவேன்.