தோள் அளவு

ஏப்ரல் 4

அன்புள்ள மூக்கிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன், நடுவில் உன் இரட்டையர்கள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். அதனால் வழக்கம்போலப் பார்சலுக்குள் கடிதம்.

பிரித்ததும் என்னவென்று தெரிந்திருக்கும். கடையில் பேபி கேரியர் என்கிறார்கள். "கேரியர்னா சோறு கொண்டுபோறதுதானே?" என்று உன் மாமா கேட்டார். எங்கள் பட்டறைப் பெண்கள் பிள்ளைப்பை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தைப்பதற்கு முன் எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன். நீளத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிற வகை ஒன்று. கட்டி முடிப்பதற்குள் குழந்தைக்குக் கல்யாண வயது வந்துவிடும். வளையத்தில் துணியை நுழைத்து ஒரு பக்கமாக மாட்டுவது இன்னொன்று. ரயிலில் அவ்வளவு தூரம் ஒற்றைத் தோள் தாங்காது. பக்கிள் வைத்த பை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற பக்கிளை நான் நம்புவதில்லை. பள்ளிப் பை தைத்தே வயதானவள் நான். ரிப்பேருக்கு வருவதில் பாதி அது நழுவியதுதான். புத்தகம் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். அதனால் பட்டையை என் தோள் அளவுக்கு வெட்டி, அப்படியே அடித்துத் தைத்துவிட்டேன். ஒரே உடம்பு, ஒரே அளவு.

உனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். இருக்கட்டும், நீ சுமக்கவா போகிறாய்? குழந்தையை உள்ளே உட்காரவைத்துப் பழக்கு, போதும். ஜூனில் பள்ளிகள் திறந்து, பட்டறையை வருஷ விடுமுறைக்கு மூடியதும் நான் வந்து அழைத்துப்போவேன். அதற்குள் அவளுக்கு அந்தத் துணி பழகியிருக்க வேண்டும்.

அவள் உன் வயிற்றிலிருந்த நாலாம் மாதத்தில் நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாயே, "ரெட்டைய வச்சே முழி பிதுங்குது, இன்னொண்ணுக்கு என்னால முடியாதுக்கா" என்று. "எனக்குக் குடுத்துடு" என்று நான் சொன்னபோது பாதி விளையாட்டுதான். "நிஜமா எடுத்துக்கறியா?" என்று நீ திருப்பிக் கேட்டாய். அன்றிலிருந்து எனக்கு விளையாட்டு போய்விட்டது. வீட்டு ஆண்கள் இருவரும் உட்கார்ந்து பேசிச் சரி என்றார்கள். ஆனாலும் நான் பிடித்துக்கொண்டிருப்பது உன் அந்த ஒரு கேள்வியைத்தான்.

உன் மாமா சின்ன அறையிலிருந்த இஸ்திரி மேசையை வெளியே தள்ளிவிட்டார். இப்போது கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகிறார், கேட்டால் சிரிக்கிறார்.

இனி நீ அவளுக்குச் சித்தி. இப்போதே சொல்லிப் பழகிக்கொள். பெயர் நான் வந்து வைக்கிறேன். அதுவரை இரட்டையர்கள் கூப்பிடுகிற பொட்டலமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொட்டலத்தின் அம்மாவாகப் போகிறவள்


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கி எழுதுவது. பை வந்தது. தையலைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி எந்தக் கடை என்று கேட்டாள். அக்கா கடை என்றேன்.

எடை பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது பையையும் எடுத்துப்போனேன். அங்கே குழந்தைகளுக்குக் கைகால் பயிற்சி தருகிற அம்மா ஒருவர் வாங்கிப் பார்த்தார். "நடுத்துணி ரொம்பக் குறுகலா இருக்கும்மா, காலு ரெண்டும் தொங்கும். இடுப்பு மூட்டுக்கு நல்லதில்ல. தவளை உக்காந்திருக்கும் பாத்தீங்களா, அந்த மாதிரி முட்டி மேலயும் பின்பக்கம் கீழயும் இருக்கணும்" என்றார். ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரை துணி தாங்க வேண்டுமாம். கோபித்துக்கொள்ளாதே, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குகிறார். இரட்டையரில் மூத்தவன் கரடி பொம்மையைத் துண்டில் கட்டிக்கொண்டு அலைகிறான். கண்ணாடிக் கடை முதலாளி எப்போது வேலைக்கு வருவாய் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஊரார் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் அளவு பார்த்த கை, இப்போது டயாபர் அளவு பார்க்கிறது.

பொட்டலத்தைக் கீழே விட்டால் அழுகிறாள். நெஞ்சில் போட்டுக்கொண்டால் தூங்கிவிடுகிறாள். அதனால் இந்தக் கடிதம் ஒரு கையால் எழுதியது, கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

உன்
மூக்கி


மே 2

அன்புள்ள மூக்கிக்கு,

கோபமா, எதற்கு? அந்தப் பயிற்சி அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். பை தைக்கிறவளுக்குப் பையைத்தான் தெரியும், பிள்ளையைத் தெரியாது என்று அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வருத்தப்பட்டேன்.

நடுத்துணியை அகலமாக வெட்டி, தொடை படும் இடத்தில் மெத்தென்று பஞ்சு வைத்து மாற்றிவிட்டேன். பட்டை முதுகில் குறுக்காக ஓடி, பாரத்தை இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுக்கும். துணி மட்டும் கேன்வாஸ்தான், வேறெதையும் நம்ப மனம் வரவில்லை. பொட்டலத்தின் எடைக்கு மணலை நிரப்பி, ஒரு நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டே மெஷினில் உட்கார்ந்தேன். கட்டிங் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, சொல்லவே இல்ல, எத்தனை மாசம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரத்தில் கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். தங்காமல் போன என் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

பட்டறை திறந்த பிறகும் பிள்ளையோடு இருக்க விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. நீ புட்டிப்பால் பழக்க ஆரம்பித்தாயா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே.

இப்படிக்கு,
பொட்டலத்தின் அம்மாவாகப் போகிறவள்


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை கால் சரியாக இருக்கிறது. தவளை மாதிரியே உட்காருகிறாள். ஆனால் துணி கனம். கன்னம் உரசிச் சிவந்துவிட்டது, முதுகெல்லாம் வியர்க்கிறது. குனிந்து முத்தம் கொடுத்தால் உச்சந்தலை எட்ட வேண்டும் என்று அந்தப் பயிற்சி அம்மா சொன்னார். முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம், தாடை நெஞ்சில் இடிக்கக் கூடாதாம். இதில் அவள் என் வயிற்றுக்கு இறங்கிவிடுகிறாள். இடுப்புப் பட்டை வேறு ஆபரேஷன் தழும்பின் மேல் சரியாக வந்து அழுத்துகிறது. பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், மெல்லிய பருத்தியில் உள்துணி கொடுத்து, பட்டையையும் கொஞ்சம் மாற்ற முடியுமா பார்.

புட்டியை வாயில் வைத்தாலே துப்புகிறாள். பிடிவாதம் யாரைக் கொண்டதோ. மூக்கு மட்டும் என்னைக் கொண்டது, பாவம்.

அக்கா, ஜூனில் ரயிலெல்லாம் கூட்டமாக இருக்கும். வெயிலும் தணியட்டும். நீ கொஞ்சம் தள்ளி வந்தால் என்ன?

உன்
மூக்கி


மே 24

மூக்கிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதலில் கால், பிறகு துணி, இப்போது வெயில். என் அளவுக்குத் தைத்த பை உன் வயிற்றில் எங்கே இறங்கினால் உனக்கென்ன? உன் தழும்பை அது ஏன் அழுத்துகிறது? உட்காரவைத்துப் பழக்கு என்றுதானே சொன்னேன்?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே உள்துணி வைக்கலாமென்று பையை மேசை விளக்கில் பிரித்துப் போட்டேன். இரண்டு தோள் பட்டையிலும் ஒரே உயரத்தில் வரிசையாக ஊசி ஓட்டை. மடித்து ஓட்டுத்தையல் போட்டிருக்கிறாய். அனுப்புவதற்கு முன் நூலை நறுவிசாகப் பிரித்தும் எடுத்திருக்கிறாய். கேன்வாஸில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்த ஓட்டை மூடாதடி. இதிலேயே சோறு தின்கிறவளிடமா மறைக்கப் பார்த்தாய்? மடிப்பு ஓரத்தில் அழுக்குக் கோடு, நெஞ்சுப் பக்கம் துவைத்தும் போகாத பால் கறை. ஒரு நாள் போட்டுப் பார்த்ததில் இது வராது. மடித்த இடத்தை அளந்தேன். உன் தோள் அளவு எனக்கு மனப்பாடம். மயிரிழை பிசகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். குழந்தையைத் தருவதாக இருக்கிறாயா, இல்லையா? பையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் அதற்கு மட்டும் பதில் சொல்.

அக்கா


ஜூன் 1

என் அக்காவுக்கு,

ஆமாம், போட்டுக்கொண்டேன். பை முதல் முறை வந்த அன்றைக்கே. சின்னவனைத் துரத்திப் பிடிக்கக் கை வேண்டியிருந்தது, அவள் கீழே விட்டால் கத்தினாள். தொங்கிய பட்டையைப் பின் குத்தி மாட்டிக்கொண்டேன். துணி காயப்போட்டேன், பாத்திரம் கழுவினேன், அவள் பாட்டுக்குத் தூங்கினாள். நீ மாற்றி அனுப்பியபோதும் அவள் வயிற்றுக்கு இறங்கினாள், உட்கார்ந்து பட்டையை மடித்துத் தைத்தே விட்டேன். எழுந்தால் மாட்டிக்கொள்வது, குளிக்கும்போது கழற்றுவது. உன் கை வேலையை மாட்டிக்கொண்டுதான் உன்னை ஏமாற்றினேன் அக்கா. நான் அனுப்பிய புகார் எல்லாம் உண்மை, ஆனால் எல்லாம் என் உடம்பு சொன்ன புகார்.

சித்தி என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "சித்திகிட்ட வா" என்று. வாய் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவன், "நீ அம்மாதானே?" என்று கேட்டான். கரடி பொம்மையைக் கையில் கொடுத்து அவனை விளையாட அனுப்பிவிட்டேன்.

நாலாம் மாதத்தில் நான் கேட்டது பொய்யில்லை. அன்றைக்கு அவள் எனக்கு ஒரு பாரம். இப்போதும் பாரம்தான், ராத்தூக்கம் இல்லை, முதுகு விட்டுப்போகிறது. ஆனாலும் முடியவில்லை அக்கா. தரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. நீ வாசலில் வந்து கையை நீட்டினால் கொடுத்துவிடுவேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் உப்புமூட்டை தூக்கச் சொன்னால் பாதி வழியில்கூட நீ என்னை இறக்கிவிட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்படி நிற்கிறேன்.

வா என்றும் சொல்லத் தெரியவில்லை, வராதே என்றும் சொல்லத் தெரியவில்லை. நீயே சொல்.

உன்
மூக்கி


ஜூன் 12

அக்கா,

பதில் இல்லை. மாமாவுக்குப் போன் போட்டேன், "எழுதுவா, விடு" என்றார். பட்டறை மூடிவிட்டது என்றும் சொன்னார். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நான் அவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். சொந்த அக்காவுக்குப் பயந்து ஒளிகிறேன். திட்டியாவது இரண்டு வரி எழுது.

மூக்கி


ஜூன் 20

மூக்கிக்கு,

பார்சலில் பை இருக்கிறது. உள்துணி மெல்லிய பருத்தி, கன்னம் உரசாது. இடுப்புப் பட்டையை ஏற்றிவைத்திருக்கிறேன், தழும்பில் படாமல் இடுப்பெலும்பில் உட்காரும். தோள் பட்டை உன் அளவு. நீ ஓட்டை போட்ட இடத்திலேயே வெட்டித் தைத்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நீயே சொல் என்று எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இல்லை என்ற ஒரு சொல்லை நீ சொல்லியிருக்க வேண்டும். அதையும் என்னையே சுமக்கவைத்தாய். உன் மாமா, "நேர்ல போய் நில்லு, குடுத்துடுவா" என்றார். எனக்கும் அது தெரியும். பெட்டி கட்டியாகிவிட்டது, டிக்கெட் கையில் இருந்தது. பை என் அளவில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அப்படி இருக்கிறவரை நான் எந்த நிமிஷமும் ரயிலேறி விடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால்தான் கத்தரியை எடுத்தேன். வெட்டிய பட்டையில் ஒட்டுப் போட்டால் பாரம் தாங்காது. இனி அது எனக்கு ஆகாது.

இஸ்திரி மேசை பழையபடி சின்ன அறைக்குப் போய்விட்டது. உன் மாமா அதைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் அடுப்படியில் இருந்துகொண்டேன். அப்புறம் அழுதேன், நிறைய. இதை உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. போனும் வேண்டாம். எனக்காகத் தோன்றும்போது நானே எழுதுகிறேன். பெயரை நீங்களே வைத்துவிடுங்கள். நான் நினைத்து வைத்திருந்ததைச் சொல்ல மாட்டேன், அது என்னிடமே இருக்கட்டும். மூத்தவன் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு. பிள்ளை காத்துக்கொண்டிருப்பான்.

முதுகுப் பக்கம் இந்த முறை பக்கிள் வைத்திருக்கிறேன், நீளம் மாற்றுகிற வகை இல்லை, பூட்டுகிற வகை; அது உனக்கு எட்டாது. வீட்டுக்காரரை எழுப்பி மாட்டிவிடச் சொல், டக்கென்று சத்தம் வர வேண்டும். அதற்குப் பிறகு நீ இரண்டு கையையும் எடுத்துவிடலாம், விழமாட்டாள். மணலைப் போட்டு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பெரியம்மா