சுவரில் செதுக்கிய வருஷங்கள்

ஸ்டெல்சிங்கன், 3.3.2025

அன்புள்ள கலாதேவிக்கு,

இங்கே ஆற்றோரத்தில் ஒரு கடையை விலை பேசி முடித்துவிட்டேன். உம்மைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பீர். போனையும் எடுக்கிறீரில்லை. அதனால் நம் எசன் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன்.

சின்ன ஊர், மூவாயிரம் சனம். மியூனிக்கிலிருந்து ஒரு மணித்தியாலம். மேட்டில் சேர்ச்சும் நகரசபையும். கீழே ஆறு, ஊரை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. கடை இருப்பது பழைய தோல்காரர் தெருவில். ஆஸ்பத்திரியில் கேரளத்துத் தாதிமார் நாற்பது பேர். நல்ல அரிசிக்கு அறுபது கிலோமீற்றர் ஓடுகிறார்கள். வேறென்ன வேண்டும்?

கட்டடம் பழையதென்றாலும் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். வாசல் சுவரில் 1882, 1924, 1988 என்று செதுக்கியிருக்கிறது. நம் ஊர் வீட்டு முகப்பில் போடுவதுபோலக் கட்டிய வருஷமும் திருத்திய வருஷங்களும். பக்கத்தில் நின்று எடுத்த படம் வைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் திகதி நோட்டாரிடம் டெர்மின், அன்றைக்குப் பத்திரத்தில் கையெழுத்து. ஒருக்கால் வந்து பாரும்.

உம்முடைய
யோகலிங்கம்

எசன், 7.3.2025

வேணுஜாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் ஆறவில்லை. இருபத்திமூன்று வருஷம் இரண்டு பேரும் குளிரில் பெட்டி இறக்கிச் சேர்த்த காசு. என்ன விலை என்றுகூட எழுத மனம் வரவில்லையே உங்களுக்கு!

படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷத்துக்கும் கீழே கோடு எதற்கு? 1882 உங்கள் முழங்காலில், 1988 இடுப்பில், 1924 தலைக்கு மேலே. வரிசையும் இல்லை. கறிவேப்பிலை வாங்க வந்த துஷானியிடம் காட்டினேன். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை.

"அக்கா, உது வெள்ளம் ஏறின உயரம். அண்ணை நிக்கிற இடத்திலை அண்டைக்கு மீன் நிண்டிருக்கும்" என்றாள்.

சிரிக்கவும் ஏலாது, அழவும் ஏலாது. யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. ஆற்றைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? கையெழுத்து வைக்காதேங்கோ. முதலில் விசாரியுங்கோ.

கலாதேவி

ஸ்டெல்சிங்கன், 14.3.2025

அன்புள்ள கலாவுக்கு,

கையெழுத்து வைக்கவில்லை. டெர்மினுக்கு மூன்று நாள் முன்னர் உமது கடிதம் வந்தது. நேரே கட்டடச் சொந்தக்காரி எக்கிங்கர் அம்மாவிடம் போய், ஏன் மறைத்தீர்கள் என்று சண்டைக்கு நின்றேன்.

"மறைத்தேனா? சுவரிலேயே இருக்கிறதே! நீங்களும் 1924ஐத் தட்டிப் பார்த்து, அருமையான வேலை என்றீர்களே. துணிச்சலான மனுஷன் என்று நினைத்தேன்."

உண்மை. தட்டினவன் நான்தான்.

பிறகு கோப்பி ஊற்றித் தந்து ஊர்க் கதை சொன்னாள். தோலை ஊறப்போட்டுப் பதனிட ஆறு வேண்டும். தோல்காரர் தண்ணீரோடு ஒட்டி இருந்தார்கள். காசு கண்டவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். 1988இல் அவளுடைய தகப்பனின் சப்பாத்துக் கடைப் பெட்டிகள் தெரு முழுக்க மிதந்தனவாம்.

மேட்டிலும் அவளுக்கு ஓர் இடம் உண்டு. சேர்ச்சுக்குப் பின்னால், முந்தித் தையல்கடை. சின்னது, ஆனால் தாதிமார் வேலை முடிந்து நடந்தே வரலாம். நாலு சுவரையும் தடவிப் பார்த்தேன், ஒரு வருஷமும் இல்லை. விற்கமாட்டாளாம், வாடகைக்குத் தருவாள். மாதம் அறுநூறு, ஐந்து வருஷம் என்கிறாள். பத்திரத்தில் உமது பெயரையும் போடச் சொன்னேன். நீர் ஒப்பம் வைக்காவிட்டால் செல்லாது.

உம்மைக் கேளாமல் போனது என் பிழை. எழுதியபின் நெஞ்சு லேசாக இருக்கிறது.

யோகலிங்கம்

எசன், 18.3.2025

வேணுஜாவின் அப்பாவுக்கு,

கடிதம் வாசித்தேன். பத்து நாளாக நித்திரை இல்லை. தப்பினோம்.

தங்கச்சி சிவப்பிரியா ஒரு கிழமை இங்கே கடையைப் பார்ப்பாள். சனிக்கிழமை மத்தியான ரயிலில் வாறன். ஸ்டேஷனுக்கு வாங்கோ, சாமான் பாரம்.

எக்கிங்கர் அம்மாவோடு போனில் நானே கதைத்தேன். நல்ல மனுஷி, ஆனால் லேசில் இறங்கவில்லை. முடிவு இதுதான்: மாதம் ஐந்நூற்றைம்பது யூரோ, மூன்று வருஷம், விரும்பினால் மேலும் இரண்டு, வெள்ளையடிப்பது நாங்கள், அதற்காக முதல் மாத வாடகை இல்லை.

கலா