அம்புக்கு ஒரு மஞ்சள் வட்டம்

கோபிசெட்டிபாளையம்
9.6.2024

அன்புள்ள ஹபீபுக்கு,

மெர்சி எழுதறேன். பம்ப் கம்பெனி டிராயிங் செக்ஷன்ல ஒம்பது வருசம் உன் பக்கத்துச் சீட்டுல இருந்தவ. இங்க சுகம். நீயும் புள்ளைகளும் நல்லா இருக்கணும்னு தினமும் ஜெபிக்கறேன். எழுத வேண்டியது வேற நிறைய இருக்கு, கை வரலை.

நீ யூடியூப்ல போடற கம்ப்யூட்டர் டிராயிங் பாடத்தை விடாமப் பாக்கறேன். ஒரே குறை. மவுஸ் அம்பு எங்க ஓடுதுன்னே தெரியலை. நீ என்ன கீ அழுத்தறேன்னும் தெரியலை. வேறொருத்தர் பாடத்துல பாத்தேன், அதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. அம்பைச் சுத்தி மஞ்சள் வட்டம் போடுது, கிளிக் பண்ணினா அது செவக்குது, அழுத்தற கீயெல்லாம் திரைக்கு அடியில எழுத்தா வருது. நீயும் போட்டுப் பாரேன்.

உன் விலாசம் வீடியோவுக்குக் கீழ இருந்துது. பதில் போடுவேன்னு நம்பறேன்.

மெர்சி


உக்கடம்
17.6.2024

மெர்சிக்கு,

கீ எதுக்குத் தெரியணும்? ஒவ்வொண்ணையும் வாயால சொல்லித்தானே அழுத்தறேன். இங்க நேர்ல வகுப்புக்கு வந்து முப்பது பேர் படிக்கறாங்க, ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. இருந்தாலும் அது என்னதான்னு பாக்கலாம்னு போட்டேன்.

முதல் பாடத்துலயே மானம் போச்சு. நான் தப்பு பண்ணி அழிக்கறதையும் அது விடாமக் காட்டுது. ஒரே பாடத்துல பதினோரு கண்ட்ரோல்-இசட். "நீங்களும் அழிப்பீங்களா மேடம்"னு இஃப்ராங்கற மாணவி கேட்டுப்போட்டா. அவ முகத்துல அவ்வளவு நிம்மதி.

இனி நான் கேக்கறேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன என் வீட்டுக்காரர் மௌத்தாகி என்னை விட்டுப் போன அன்னிக்கு, முதல் போன் உனக்குத்தான் போட்டேன். "ரொம்ப சந்தோசம் ஹபீபு, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டே. வரவும் இல்லை. இப்ப பாடத்துல குறை சொல்ல மட்டும் எழுதறியே, அது எப்படி?

ஹபீபுன்னிசா


கோபிசெட்டிபாளையம்
22.6.2024

அன்புள்ள ஹபீபு,

எனக்குக் காது கேக்காது. நீ போன் போடறதுக்குக் கொஞ்சம் முன்ன ஒரு காய்ச்சல் வந்துது, அதோட போயிருச்சு. யாருகிட்டயும் சொல்லலை. காரணம் சொல்லாமயே வேலையையும் விட்டுப்போட்டேன்.

அன்னிக்கு போன்ல உன் பேரைப் பாத்தேன். குரல் ஏறி இறங்கறது மட்டும் லேசாத் தெரிஞ்சுது. உன் மக நேஹாவுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தீங்களே, அது கூடிவந்த சந்தோசத்துல பேசறேன்னு நெனச்சுட்டேன். அப்பெல்லாம் யார் பேசினாலும் சிரிச்சே சமாளிப்பேன். கரீம் பாய் இறந்த சங்கதி மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுட்டு வாரது?

உன் புதுப் பாடத்தைப் பாத்தேன். முன்னெல்லாம் அடியில சப்டைட்டில் எழுத்தை ஓட விட்டா, உன் பேச்சுக்கு அது என்னென்னமோ எழுதும். இப்ப கீயைப் பாத்துப் பாத்து நானும் அழுத்தினேன். பம்ப்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் ஒண்ணு முழுசா வரைஞ்சு முடிச்சேன், ஹபீபு. ரெண்டு வருசத்துல முதல் டிராயிங். பிரிண்ட் இதோட வெச்சிருக்கேன்.

என்னை மன்னிக்க முடிஞ்சா மன்னிச்சுக்கோ.

உன் மெர்சி


உக்கடம்
27.6.2024

என் மெர்சிக்கு,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு, சத்தத்தை அணைச்சுட்டு என் பழைய பாடம் ஒண்ணைப் பாத்தேன். அடுத்த கோடு எங்கிருந்து வந்துதுன்னு எனக்கே புரியலை. நீ இதையா இத்தனை நாளாப் பாத்துட்டு இருந்தே?

நாப்பத்தாறு பாடத்தையும் திரும்ப எடுக்கறேன். எந்த இடம் புரியலைன்னு பாத்துச் சொல்ல நீதான் வேணும். உன் டிராயிங்கை வகுப்புச் செவுத்துல ஒட்டியாச்சு. அதுல ரெண்டு அளவு எழுத விட்டுப்போச்சு, சேத்திரு.

ஞாயித்துக்கிழமை காலைப் பஸ்ஸுக்கு வாரேன். இவர் எப்படிப் போனார்னு உங்கிட்டச் சொல்லணும். எதிர்ல உக்காந்து மெதுவாச் சொல்றேன், என் வாயைப் பாத்துட்டே இரு. புரியலைன்னா சிரிக்காதே, கையைப் புடிச்சு நிறுத்து. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன்.

ஹபீபு