பத்து நிமிடச் சோதனை

மார்ச் 3

மலாயும் அரபியும் ஒருசேரத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லையா? இருபத்து மூன்று பேருக்குப் போன் போட்டாயிற்று. குடிநீர்த் திட்டத்துப் பொறியாளர்களுக்கு மலாய்தான் வரும். குழாய் போடப்போகும் கிராமத்தில் அரபிதான். திங்கட்கிழமை கூட்டம். மேலாளர் இரண்டு தடவை வந்து என் மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 5

கிடைத்துவிட்டார். ஓய்வுபெற்ற டீச்சர். மலாய் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அரபி மட்டும் புத்தகத்தில் படித்தது. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "என்னோடது ஏட்டுச் சுரைக்காய்மா. வீட்டுப் பேச்சு வேகமா வந்தா புரியுமோ என்னவோ. எதுக்கும் ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடு."

பத்து நிமிட வேலை. வீட்டில் அரபி பேசும் பெண் ஒருத்தியைப் போனில் பிடித்து, டீச்சரோடு பேசவிட்டு, எப்படி என்று கேட்க வேண்டும். அவள் போனை எடுக்கவில்லை. படிவத்தில் 'சோதிக்கப்பட்டார்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மார்ச் 9

கூட்டம் நன்றாக நடந்ததாம். அப்பாடா.

ஏப்ரல் 17

குழாயை லாரி ஓடும் சாலைக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போன சிறுமியை லாரி இடித்து, கால் எலும்பு முறிந்துவிட்டது. அங்கே வேண்டாம், எங்கள் பிள்ளைகள்தான் தண்ணீருக்குப் போகும் என்று பெண்கள் கூட்டத்திலேயே சொன்னார்களாம். டீச்சர் இரண்டு முறை திருப்பிக் கேட்டிருக்கிறார். மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு, சம்மதம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

மேலாளர் பட்டியலில் டீச்சர் பெயரை அடித்தார். பக்கத்தில்தான் நின்றேன். சோதிக்காமலே டிக் போட்டதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18

டீச்சர் போன் செய்தார். "உனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்மா. மன்னிச்சுடு."

என்னிடம்! எய்தவள் நான் இருக்க, அம்பு மன்னிப்புக் கேட்கிறது. ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஏப்ரல் 20

மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீச்சரிடமும். அவர் போனை வைத்துவிட்டார்.

மே 6

எனக்கு மெமோ. குழாய் சாலைக்கு இந்தப் பக்கம் வருகிறது. சிறுமி இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாளாம். அவள் காலை எந்தப் பக்கம் மாற்றி வைப்பேன்?

ஆகஸ்ட் 12

டீச்சர் அலுவலகத்துக்கே வந்தார். இத்தனை நாளும் ஓர் அரபி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச்சுப் பழகினாராம். "இப்பவாவது சோதி" என்றார்.

பத்து நிமிடம். நிறைய விட்டுவிட்டார் என்றாள் போனில், மார்ச்சில் எடுக்காத அதே அரபிப் பெண். நான் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"என்ன யோசன? உள்ளத எழுது."

'தேறவில்லை' என்று எழுதினேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தார். பிறகு அடுத்த மாதத்துக்குத் தேதி கேட்டார்.